வேலை போன பிறகு: சிங்கப்பூரில் முதல் சில வாரங்களைச் சமாளிக்க

முதல் தடவையாக வேலையை இழந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் இங்கே வந்து நான்கைந்து வருடம்கூட ஆகாதவர்கள், சொந்தபந்தமெல்லாம் ஊரில் இருக்கிறவர்கள், இங்கே தங்கும் அனுமதியே வேலையோடு கட்டப்பட்டிருக்கிறவர்கள் என் மனத்தில் முன்னால் நிற்கிறார்கள். நான் பல ஆண்டுகள் மனிதவளப் பிரிவில் இருந்தவள். ஆட்குறைப்புக் கடிதம் கொடுக்கும் அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள். கடிதம் வாங்கிப் போனவர்களில் பலரோடு பிறகும் தொடர்பில் இருந்தேன். யார் சீக்கிரம் எழுந்தார்கள், யார் மாதக்கணக்கில் முடங்கினார்கள் என்று பார்த்ததில், கையில் வந்த தொகை அதைத் தீர்மானித்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேலை போனதை மறைத்தவர்கள்தான் முடங்கினார்கள்.

அதனால் யாரிடம், எப்போது, எப்படிச் சொல்வது என்பதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கிறேன். பணம், பாஸ் (இங்கே தங்கி வேலை செய்யும் அனுமதி), படிவம் எல்லாம் நடுவில் வரும். தேதி தெரியாமல் இருப்பதே பயத்தில் பாதி என்பதால் அவற்றை ஒதுக்கிவிட்டு மனத்தைப் பற்றி மட்டும் பேசிப் பிரயோஜனமில்லை.

அந்த அறையில்

கண்ணாடி அறையின் திரை இறக்கப்பட்டிருக்கும். மேசையில் ஒரு கோப்பு, கடிதத்தின் இரண்டு பிரதிகள், ஒரு டிஷ்யூப் பெட்டி. உள்ளே வருகிறவர் அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே புரிந்துகொள்வார். கத்துவார்கள், அழுவார்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி எதுவும் நடக்காது. "மத்தியானச் சாப்பாடு ஆர்டர் பண்ணிட்டேன், சாப்பிட்டுட்டுப் போகலாமா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் தன் செடித்தொட்டியைப் பற்றி மட்டும் மூன்று முறை கேட்டார். இப்படி மரத்துப்போவது இயல்பு. "எனக்கு ஏன் அழுகையே வரவில்லை?" என்று பிறகு உங்களையே குடைந்துகொள்ள வேண்டாம்.

மரத்துப்போன அந்த நேரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கடிதம் கிடைத்தது என்று ஒப்புக்கொள்ளும் கையெழுத்து வேறு. இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று ஒப்புக்கொள்ளும் கையெழுத்து வேறு. இரண்டும் ஒரே கடிதத்தில் இருக்கலாம். "படித்துப் பார்த்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்" என்று சொன்னால் போதும். எதிரில் இருப்பவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்பதில்லை, அவருக்கும் அன்று ஒரு பட்டியலை முடிக்கவேண்டிய அவசரம் இருக்கும்.

கேட்கவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஞாபகம் அன்று வேலை செய்யாது. கடைசி வேலை நாள் எது? நோட்டீஸ் காலத்தில் வேலைக்கு வரவேண்டுமா, அல்லது அதற்கான சம்பளம் தந்துவிடுவார்களா? ஆட்குறைப்பு அனுகூலத் தொகை உண்டா, எப்படிக் கணக்கிட்டார்கள்? கடைசிச் சம்பளம் எந்தத் தேதியில் வரும்? நிறுவனக் காப்பீடு எந்த நாளோடு முடிகிறது? பாஸில் இருப்பவர் என்றால், அதை எந்தத் தேதியில் ரத்து செய்யப்போகிறார்கள்? மடிக்கணினியை வாங்கிக்கொள்வதற்குள் உங்கள் சம்பளச் சீட்டுகளை எடுத்துவையுங்கள், வேண்டிய சக ஊழியர்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் கோப்புகளைத் தொடவே தொடாதீர்கள். கோபத்தில் செய்யும் அந்த ஒரு காரியம் பெரிய வம்பில் கொண்டுபோய் விடும்.

அன்று இரவு

அன்று இரவு எதையும் முடிவு செய்யாதீர்கள். ஊருக்கு டிக்கெட் போடவேண்டாம். மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதவேண்டாம். லிங்க்டினில் உருக்கமான பதிவும் வேண்டாம். இரண்டு நாள் கழித்து எழுதினால் அதே பதிவு நிதானமாக வரும், அப்போது உதவி செய்யவும் நாலு பேர் வருவார்கள். குடிப்பழக்கம் இருப்பவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகப் போவதை நான் பார்த்திருக்கிறேன். மறுநாள் காலை செய்தி அப்படியேதான் இருக்கும், தலைவலி கூடச் சேர்ந்துகொள்ளும்.

தூக்கம் வராவிட்டால் வீட்டுக்குக் கீழே இறங்கி நடந்துவிட்டு வாருங்கள். சிங்கப்பூரில் இரவு பதினோரு மணிக்குப் புளோக்கைச் சுற்றி நடந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இந்த ஊரின் பெரிய வசதிகளில் அதுவும் ஒன்று.

சொல்வது

என்னோடு வேலை பார்த்த ஒருவர், கடிதம் வாங்கிய மறுநாளும் வழக்கம்போல் சட்டையை மாட்டிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சாங்கி வணிகப் பூங்காவில் வேலை பார்த்தவர் அவர், எக்ஸ்போ நிலையத்தில் இறங்கவேண்டும். இப்போது அடுத்த நிலையம்வரை போய், விமான நிலையத்தில் மாலைவரை உட்கார்ந்திருந்தார். குளிர்சாதனம், கழிப்பறை, சார்ஜ் போடும் இடம் எல்லாம் இருக்கிறது. யாரும் எழுப்பவும் மாட்டார்கள். பல வாரங்கள் இப்படியே போனது. கடைசியில் மனைவிக்குத் தெரிந்தது சிம்ப்ளிகோ செயலியில். வேறு எதற்கோ பயணக் கட்டணத்தைப் பார்க்கப்போனவர், தினமும் 'சாங்கி விமான நிலையம்' என்று இருந்ததைக் கண்டுவிட்டார். வேறு பெண் விவகாரம் என்றுதான் அவர் முதலில் நினைத்தாராம். உண்மை தெரிந்த பிறகு, வேலை போனதற்காக அவர் கோபப்படவில்லை. அத்தனை காலைகளும் டப்பா கட்டிக்கொடுக்க வைத்ததற்குத்தான் கோபப்பட்டார்.

மறைப்பதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணம் எப்போதும் நல்ல காரணமாகவே இருக்கும். வீட்டில் கவலைப்படுவார்கள், ஒரு மாதத்தில் வேறு வேலை கிடைத்துவிடும், கிடைத்த பிறகு இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். அந்த ஒரு மாதம் நீளும்போது, வேலை தேடுகிற தெம்பில் பாதி பொய்யைக் காப்பாற்றுவதற்கே போய்விடும். நாள் ஆக ஆகச் சொல்வதும் கடினமாகும், ஏனென்றால் இப்போது இரண்டு விஷயங்களைச் சொல்லவேண்டியிருக்கிறது.

கணவன் அல்லது மனைவியிடம் அன்றே சொல்லுங்கள், தள்ளினால் மறுநாளுக்குள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, சுற்றி வளைக்காமல். "இன்னிக்கு ஆபீஸ்ல ஆளைக் குறைச்சாங்க. என்னையும் அனுப்பிட்டாங்க. கடைசி நாள் இந்தத் தேதி. மத்ததை நாளைக்கு உட்கார்ந்து பார்ப்போம்." இவ்வளவு போதும். முதல் வாக்கியத்திலேயே செய்தி வந்துவிடவேண்டும். "ஒண்ணு சொல்லணும், கோவப்படக் கூடாது" என்று ஆரம்பித்தால், அடுத்த வார்த்தை வருவதற்குள் எதிரில் இருப்பவர் மனத்தில் பத்து விபத்துகள் நடந்து முடிந்துவிடும்.

கேட்பவர் உடனே ஆறுதல் சொல்லவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். "வீட்டுக் கடன் என்னாகும்?" என்பதுதான் முதலில் வரும். அதைக் கேட்டதும் சுருக்கென்று இருக்கும், 'நான் பணம் காய்க்கும் மரமா' என்று தோன்றும். அந்தக் கேள்வி பயத்தில் வருவது. பயம் அடங்க அவருக்கும் ஒரு இரவு வேண்டும்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று நிறையப் பேர் கேட்பார்கள். வீட்டில் ஏதோ சரியில்லை என்று அவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும், தெரியாத பாகத்தைத் தாங்களே இட்டுக்கட்டிக்கொள்வார்கள். தொடக்கப்பள்ளிப் பிள்ளையிடம், "அப்பா வேலை செஞ்ச இடத்துல நிறையப் பேரோட வேலை முடிஞ்சுபோச்சு. அப்பா புது வேலை தேடுறேன். கொஞ்ச நாளைக்கு வெளியில சாப்பிடுறதைக் குறைச்சுக்குவோம்" என்று சொன்னால் போதும். 'எதுவுமே மாறாது' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், பாஸில் இருக்கும் குடும்பம் என்றால் முக்கியமாக. உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளிடம் இன்னும் வெளிப்படையாகவே பேசலாம். துணைப்பாட வகுப்பு தொடருமா என்பதுதான் அவர்களுடைய உண்மையான கேள்வியாக இருக்கும், அதற்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

ஊரில் இருக்கும் பெற்றோர் விஷயத்தில் எனக்கு ஒரே மாதிரியான பதில் கிடையாது. மாதாமாதம் நீங்கள் அனுப்பும் பணத்தில்தான் அங்கே வீடு ஓடுகிறது என்றால் சொல்லித்தான் ஆகவேண்டும், அதுவும் அடுத்த மாதப் பணம் குறைவதற்கு முன்பே. அப்பாவுக்கு நெஞ்சுவலி, வீட்டில் வேறு யாரும் இல்லை என்றால், முதலில் அண்ணனிடமோ அக்காவிடமோ சொல்லி, அவர்கள் பக்கத்தில் இருக்கும்போது அழைத்துப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் பின்னணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துப் பேசுவதை எத்தனை வாரம் செய்யமுடியும்?

உறவினர், நண்பர், கோயிலில் பார்ப்பவர், பிறந்தநாள் விருந்தில் பக்கத்து நாற்காலிக்காரர் ஆகியோருக்கு ஒரே ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்துவையுங்கள். "ஆட்குறைப்புல போயிடுச்சு, இப்ப லாஜிஸ்டிக்ஸ் பக்கம் தேடிக்கிட்டிருக்கேன், உங்க பக்கம் ஏதாவது காதுல விழுந்தா சொல்லுங்க." எந்தத் துறையில் தேடுகிறீர்கள் என்பதை அதில் சேருங்கள். துறையைச் சொல்லாவிட்டால் பேச்சு அனுதாபத்திலும் அறிவுரையிலும் போய் முடியும். சொன்னால், "என் மச்சான் துவாஸ்ல அந்த மாதிரி கம்பெனியிலதான் இருக்கான்" என்று ஒருவராவது சொல்வார். ஊர் வாயை மூடமுடியாது, ஆனால் அது எதைப் பற்றிப் பேசவேண்டும் என்பதில் உங்களுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

தேதியும் தொகையும்

மூன்றாவது நாள் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். இதை நீட்டாமல் சொல்கிறேன்.

ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்படாவிட்டால் வேலை நியமனச் சட்டம் சொல்வது பொருந்தும்: 26 வாரத்துக்குக் குறைவான பணிக்கு 1 நாள், 2 வருடத்துக்குள் என்றால் 1 வாரம், 5 வருடத்துக்குள் என்றால் 2 வாரம், அதற்கு மேல் 4 வாரம். 2019 ஏப்ரல் முதல் மேலாளர், நிர்வாகி நிலையில் இருப்பவர்களும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறார்கள். ஆட்குறைப்பு அனுகூலம் சட்டப்படி கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளாவது வேலை செய்தவர்கள் கேட்கத் தகுதி பெறுகிறார்கள். ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 2 வாரத்திலிருந்து 1 மாதச் சம்பளம்வரை என்பது இங்கே நிலவும் வழக்கம். சம்பளப் பாக்கி இருந்தால் டாடெம் எனப்படும் முத்தரப்பு அமைப்பிடம் கடைசி வேலை நாளிலிருந்து 6 மாதத்துக்குள் முறையிடலாம். நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக முறையிடக் கெடு ஒரே ஒரு மாதம். மனம் தேறட்டும் என்று காத்திருப்பவர்கள் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். சோகமாக இருந்தாலும் முதலில் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர்க் குடிமக்களுக்காக 2025 ஏப்ரலில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் தொடங்கியது. விருப்பமின்றி வேலையிழந்த, மாதச் சராசரி வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்போகாத, மற்ற நிபந்தனைகளுக்கும் உட்பட்டவர்களுக்கு 6 மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளிவரை கிடைக்கும். மாதாமாதம் வேலை தேடியதைக் காட்டவேண்டும். இதில் விண்ணப்பிக்கக் கூச்சப்பட்ட பட்டதாரிகளை எனக்குத் தெரியும். சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் விஷயத்திலும் இதே கூச்சம். உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், அதில் மாதாமாதம் சிண்டாவுக்கு ஒரு தொகை பிடிக்கப்பட்டிருக்கும். பீட்டி சாலையில் இருக்கும் அந்த அலுவலகத்துக்குப் போவதில் கைநீட்டுவது என்று என்ன இருக்கிறது? ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் நிலையத்தில் இயங்கும் இ2ஐ வேலை தேடித்தருவதோடு, நேர்முகத்துக்கும் பயிற்சி கொடுக்கிறது. வீட்டுச் செலவே இடிக்கிறது என்றால் அருகிலுள்ள சமூகச் சேவை அலுவலகம், அல்லது காம்கேர் எனப்படும் அரசு உதவித் திட்டத்தின் எண் 1800-222-0000.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனை மத்திய சேமநிதியிலிருந்து (மசேநி) கட்டுபவர்கள், சாதாரணக் கணக்கில் இருக்கும் தொகை எத்தனை மாதத்துக்கு வரும் என்று பார்த்து அந்த மாதத்தின் பெயரை நோட்டில் எழுதுங்கள். தவணை தவறுவதற்கு முன்பே வீவக கிளைக்கோ வங்கிக்கோ போய்ப் பேசுங்கள். தவறிய பிறகு போகும்போது பேச்சின் தொனியே வேறாக இருக்கும்.

விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்போது இந்த நோட்டு உதவும். 'எல்லாம் போச்சு' என்று அந்த நேரத்தில் மனம் சொல்வதற்கும், 'அக்டோபர்வரை தவணைக்கு இருக்கிறது' என்று நோட்டில் இருப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

பாஸில் இருப்பவர்கள்

இவர்களுடைய துக்கத்தில் ஓர் அவசரம் கலந்திருக்கிறது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அது முழுதாகப் புரிவதில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் ரத்தானதும் வழக்கமாக 30 நாள் தங்கும் குறுகியகால வருகை அனுமதி கிடைக்கும். அந்த நாட்களில் வேலை செய்யக்கூடாது, தேடலாம். புது முதலாளி உங்களுக்காக விண்ணப்பிக்கலாம். உங்களைச் சார்ந்து பாஸில் இருக்கும் மனைவி மக்களின் பாஸும் கூடவே ரத்தாகும். 30 நாள் எண்ணத் தொடங்குவது கடிதம் வாங்கிய அன்று இல்லை, பாஸ் ரத்தான அன்று. ஆகவே நோட்டீஸ் காலத்தை முழுதாக ஓட்டினால் தேடுவதற்கு நாள் கூடும். நீட்டிப்புக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கிடைத்துவிடும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

இன்னொன்றும் முதலிலேயே தெரிந்திருந்தால் அதிர்ச்சி குறையும். வெளிநாட்டு ஊழியர் வேலையை விட்டு நீங்கும்போது, வரிக் கணக்கு முடியும்வரை அவருக்குச் சேரவேண்டிய பணத்தை முதலாளி நிறுத்திவைக்கவேண்டும் என்பது வருமான வரி விதி. ஐஆர்21 என்பது அந்தப் படிவத்தின் பெயர். கடைசிச் சம்பளம் வராததைப் பார்த்து, "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று நொந்துபோய் வந்தவர்கள் உண்டு. வரி போக மிச்சம் வரும். அதுவரை வாடகைக்குக் கையில் பணம் வேண்டும், அவ்வளவுதான்.

முப்பது நாளைக்கும் ஒரே நேரத்தில் இரண்டு திட்டங்கள் ஓடட்டும்: இங்கே தேடுவது ஒன்று, ஊர் திரும்ப ஆயத்தம் செய்வது இன்னொன்று. பள்ளியில் சொல்வது, வாடகை ஒப்பந்தத்தைப் படிப்பது, மேசை நாற்காலியை விற்பதா என்று யோசிப்பது. இரண்டாவது திட்டத்தைத் தொட்டாலே முதலாவது பலிக்காது என்கிற மூடநம்பிக்கை பலருக்கு இருக்கிறது. உண்மையில் இரண்டாவது திட்டம் தயாராக இருந்தால் நேர்முகத்தில் குரல் நடுங்காது. நான் பார்த்தவரை அப்படித்தான்.

ஒர்க் பர்மிட்டில் இருக்கும் தம்பிகளுக்கு அவகாசம் இன்னும் குறைவு, பாரமோ அதிகம். ஏஜென்ட்டுக்குக் கட்ட வாங்கிய கடன் ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். ஊருக்கு அனுப்பும் பயணச் செலவு முதலாளியின் பொறுப்பு என்பதையும், சம்பளப் பாக்கி இருந்தால் விமானம் ஏறுவதற்கு முன் முறையிடவேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692. வழக்கு நிலுவையில் இருந்து வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு டிடபிள்யூசி2 என்ற வெளிநாட்டு ஊழியர் நல அமைப்பு லிட்டில் இந்தியாவில் இலவசமாகச் சாப்பாடு போடுகிறது. அங்கே போனால் அதே நிலையில் இருக்கும் நாலு பேரைப் பார்க்கலாம், விடுதி அறையில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பகல் பொழுது

வியன்னாவுக்கு அருகில் மரியன்தால் என்று ஓர் ஊர். அந்த ஊரே நம்பியிருந்த நெசவு ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. சமூக உளவியலாளர் மாரி யஹோடாவும் அவருடைய சகாக்களும் அங்கே போய், வேலையிழந்தவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்தார்கள். கையில் நேரம் நிறைய இருந்ததால் ஜனங்கள் அதிகம் படித்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். வீட்டு வேலை இருந்ததால் பெண்களின் நடை அவ்வளவு தளரவில்லை. சம்பளத்தைத் தவிர வேலை நமக்கு என்னவெல்லாம் தருகிறது என்று யஹோடா பிற்காலத்தில் எழுதியதில் முதலாவது, நாளுக்கு ஒரு வடிவம். பிறகு வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒரு நோக்கம், ஓர் அடையாளம், கைக்கு ஒரு வேலை.

சம்பளம் போனது தெரிகிறது. கூடவே இத்தனையும் போனது தெரியாததால்தான், "பணம் ஆறு மாதத்துக்கு இருக்கிறது, அப்புறம் எனக்கு என்ன கேடு?" என்று பலர் குழம்புகிறார்கள்.

ஆகவே நாளுக்கு நீங்களே ஒரு சட்டம் போடவேண்டும். பத்து அம்சத் திட்டமெல்லாம் மூன்றாம் நாளே கவிழ்ந்துவிடும். காலையில் ஒரு நேரம் வைத்துக் குளித்து, வெளியே போகும் உடையில் வீட்டை விட்டு இறங்குங்கள். வட்டார நூலகங்களில் மேசை, மின்சாரம், இணையம் எல்லாம் இலவசம், காலையிலேயே போனால் இடம் கிடைக்கும். விண்ணப்பம் எழுதுவது, ஆட்களுக்குச் செய்தி அனுப்புவது எல்லாம் மதியத்துக்குள் முடியட்டும். மதியத்துக்குப் பிறகு வேலை தேடாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் மைகெரியர்ஸ்ஃபியூச்சர் வேலைத் தளத்தில் புது விளம்பரம் அதற்காக அதிகம் வந்துவிடப்போவதில்லை. மாலையில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது, சமைப்பது என்று வீட்டில் இன்னொருவர் உங்களை எதிர்பார்க்கும் ஒரு காரியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறையாவது ஒருவரோடு காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசுங்கள். ஒரு தே ஓ வாங்கிவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம், யாரும் எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். முன்னாள் சக ஊழியர்கள் கூடி நிறுவனத்தைத் திட்டும் வாட்ஸ்அப் குழு ஒன்று நிச்சயம் முளைக்கும். முதல் வாரம் அது மருந்து. ஒரு மாதம் கழித்தும் அதே பேச்சு என்றால் சத்தத்தை அணைத்துவையுங்கள்.

வேலையில்லாதவர்களைக் குறிவைத்தே வலை விரிக்கிறார்கள். டெலிகிராமில் "வீட்டிலிருந்தே தினம் 200 வெள்ளி" என்று வருவதும், முதலில் சின்னத் தொகையைக் கொடுத்துப் பிறகு நம்மிடம் கட்டச் சொல்வதும் மோசடி. சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள். விரக்தியில் இருக்கும் மனம் நம்பத் துடிக்கும், ஏமாந்த பிறகு அவமானத்தில் அதையும் மறைக்கும்.

எழுதிப் பார்ப்பது

அமெரிக்காவில் 1994ல் வெளியான ஓர் ஆய்வை எச்ஆர் (மனிதவளப் பிரிவு) வேலையில் இருந்தபோது படித்தேன். வேலையிழந்த தொழில்நுட்ப வல்லுநர்களில் ஒரு பகுதியினரைத் தொடர்ந்து சில நாட்கள், வேலை போனதைப் பற்றி மனத்தில் இருப்பதை எல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதியவர்கள் மற்றவர்களைவிட அதிக விண்ணப்பம் அனுப்பவில்லை. ஆனாலும் சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் அதிகம் பேருக்கு வேலை கிடைத்திருந்தது. கோபத்தைத் தாளில் இறக்கியவர்கள் அதை நேர்முக அறைக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்பது ஒரு விளக்கம். எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. பழைய முதலாளியைப் பற்றி ஒருவர் பேசும்போது அவருடைய கழுத்து இறுகுவதை, எதிரில் உட்கார்ந்திருந்த நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

தமிழிலேயே எழுதுங்கள், கெட்ட வார்த்தை வந்தாலும் வரட்டும். யாருக்கும் அனுப்பக்கூடாது. அது முடிந்த பிறகு, "ஏன் அங்கிருந்து வெளியே வந்தீர்கள்?" என்கிற கேள்விக்கு இரண்டு வாக்கியத்தில் ஆங்கிலத்தில் பதில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். குழுவையே கலைத்துவிட்டார்கள், அதில் என் பதவியும் போனது. அடுத்து இதைத் தேடுகிறேன். பொய் வேண்டாம், நீளமும் வேண்டாம். சிங்கப்பூரில் ஆட்குறைப்பைக் கேள்விப்படாத எச்ஆர் யாரும் கிடையாது.

துக்கம் எல்லை தாண்டினால்

அழுகை, எரிச்சல், பசியின்மை, தூக்கக் குறைவு எல்லாம் முதல் சில வாரங்களில் வந்து போகும். இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் படுக்கையை விட்டு எழவே முடியாமல், பிடித்தது எதுவும் பிடிக்காமல், 'நான் இல்லாவிட்டால் வீட்டுக்கு நல்லது' என்கிற எண்ணம் வரத் தொடங்கினால், அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். பலதுறை மருந்தகத்திலோ வழக்கமான குடும்ப மருத்துவரிடமோ போய், "தூக்கம் வரலை, வேலை போனதிலிருந்து இப்படி இருக்கு" என்று சொன்னாலே போதும், மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

தேசிய மனநல உதவி எண் 1771, இரவு பகல் எந்நேரமும். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767, அதுவும் 24 மணி நேரம். அழைத்தால் போலீஸ் பிரச்சினை ஆகுமோ, பாஸ் போய்விடுமோ என்று பயப்படுபவர்களைச் சந்தித்திருக்கிறேன். தற்கொலை முயற்சி இங்கே 2020 ஜனவரி முதல் குற்றமில்லை. மனபாரத்தைச் சொல்லி உதவி கேட்பது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 995.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "எல்லாம் நல்லதுக்குத்தான்" வேண்டாம். "இன்னும் ஒண்ணும் கிடைக்கலையா?" என்று தினம் கேட்பதும் வேண்டாம். கேட்காமலேயே அவருடைய சுயவிவரத்தை இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டு, "அனுப்பியிருக்கேன்" என்று சொல்லுங்கள்.

புது வேலை கிடைத்த பிறகு

பயம் உடனே போய்விடாது. மேலாளர் காரணம் சொல்லாமல் பதினைந்து நிமிடச் சந்திப்புக்கு அழைப்பு அனுப்பினால் கை சில்லிடும். யாராவது அறையின் திரையை இறக்கினால் கண் அங்கேயே போகும். இது சில மாதம் இருக்கும். அழைப்பு வந்தால், "என்ன விஷயமாக? தயாராக வருகிறேன்" என்று பதில் அனுப்பிக் கேட்டுவிடுங்கள், அதில் தவறே இல்லை. சம்பளம் குறைந்த வேலையாக இருந்தால் அந்தக் குறைவையும் வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாதத் தவணைகளை உடனே பழைய அளவுக்கு ஏற்றாமல், தகுதிகாண் காலம் முடியும்வரை அந்த நோட்டில் எழுதிய கணக்கிலேயே குடும்பம் ஓடட்டும். தேடிய நாட்களில் உங்களுக்காக யாருக்காவது பேசியவர்கள், சுயவிவரம் அனுப்பியவர்கள், வெறுமனே காப்பி வாங்கிக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் வேலை கிடைத்த செய்தியை அந்த வாரமே தனித்தனியாக அனுப்பிவிடுங்கள். குழுவில் ஒரே செய்தியாகப் போட்டால் போதாது.